ஸ்வேதா இல்லாத வீடு

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் போய் இறங்கிய முதல் மாதம், எங்கள் கட்டடத்தில் ஸ்வேதா என்று ஒரு பெண் அடிக்கடி காணாமல் போகிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். 2008 அக்டோபர். இருட்டத் தொடங்கியதும் படிக்கட்டில் யாராவது குரல் கொடுப்பார்கள்: "ஸ்வேதா நியேத்!" கீழ்த்தளத்திலிருந்து இன்னொரு குரல் அதையே எரிச்சலோடு திருப்பிச் சொல்லும். "நியேத்" என்றால் இல்லை என்பது மட்டும் அதற்குள் தெரிந்திருந்தது. பாவம், தினமும் எங்கேதான் போகிறாள் என்று நானும் அறைத்தோழனும் பேசிக்கொள்வோம். மூன்றாவது வாரம்தான் சங்கதி புரிந்தது. ரஷ்ய மொழியில் "ஸ்வெத்" என்றால் வெளிச்சம். கரண்டுக்கும் அதே பேர்தான். பின்னால் "இல்லை" வந்தால் உருபு ஏறி "ஸ்வேதா" ஆகிவிடும். கரண்டு போச்சு, அவ்வளவுதான்.

டாக்டருக்குப் படிக்கப் போனவன் நான். ஏஜென்ட் சொன்ன ஹாஸ்டலில் இடம் இல்லை. எங்களில் மூன்று பேரைக் குருஷ்சோவ்கா ஒன்றின், அதாவது குருஷ்சோவ் காலத்து ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின், நான்காம் தளத்தில், வயதான ஒரு கிர்கிஸ் அம்மாவின் வீட்டில் வாடகைக்குக் குடிவைத்தார். லிஃப்ட் கிடையாது. அந்த அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டதும் முதல் அதிர்ச்சி: கிர்கிஸ் மொழியில் அம்மாவுக்கு "அபா". எங்கள் வாயில் அது "அப்பா"வாகவே வந்தது. அவர் எங்களை "பாலம்" என்பார். என் பிள்ளை என்று பொருள். பாலனும் பாலகனும் காதில் ஏறியவனுக்கு அதைத் தனியாகப் பாடம் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும், உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். "உய்" என்றால் வீடு, "உய்தோ" என்றால் வீட்டில். ஆறு வருஷத்தில் என் ரஷ்ய மொழி கடைசிவரை நொண்டியது. கிர்கிஸ் தானாக வந்தது.

என் லக்கேஜில் ஒட்டிய சீட்டில் ஊர்ப்பெயருக்கு எஃப்.ஆர்.யு. என்று போட்டிருந்தது. பிஷ்கேக்கில் அந்த எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று அபாவிடம் கேட்டேன். ஃபிரூன்சே என்றார். இல்லை, "புருன்சே" என்றார். கிர்கிஸ் சொற்களிலும் நம்மைப் போலவே ஃப ஒலி கிடையாது. 1885-ல் இந்த ஊரில் பிறந்த மிகயீல் ஃபிரூன்சே செம்படைத் தளபதியானார். அவர் இறந்த பிறகு, 1926-ல் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள். சொந்த மக்களாலேயே சரியாக உச்சரிக்க முடியாத பெயரோடு ஒரு தலைநகரம் 65 வருஷம் வாழ்ந்தது. 1991-ல் பழைய பெயர் பிஷ்கேக் திரும்ப வந்தது. குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் கடையும் மத்துக்கு அந்தப் பெயர் என்பார்கள். ஊருக்கு மத்து என்று பேர் வைத்ததற்கு ஏற்பத்தான் பிற்பாடு எல்லாம் நடந்தது.

ஸ்வேதாவுக்கு வருகிறேன். மலைகளால் ஆன நாடு அது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் மலை, அதன் மேல் பனி, பனி உருகி ஆறு. மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். அப்படிப்பட்ட நாட்டில் ஏன் கரண்டு இல்லை என்பதை அபா சமையலறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், சர்க்கரைக் கிண்ணத்தையும் இரண்டு கோப்பைகளையும் வைத்து எனக்கு விளக்கினார். கிண்ணம் தொக்தகுல் அணை. நரீன் ஆற்றின் குறுக்கே சோவியத் காலத்தில் கட்டியது, 1,200 மெகாவாட். ஒரு கோப்பை உஸ்பெகிஸ்தான், இன்னொன்று கஸகஸ்தான். இந்த ஆறுதான் கீழே போய் சிர் தரியாவாகி அவர்களுடைய பருத்திக்குப் பாய்கிறது. பருத்திக்குத் தண்ணீர் வேண்டியது கோடையில். எனவே மாஸ்கோ ஒரு கணக்குப் போட்டது: மேலே இருப்பவர்கள் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும், கோடையில் திறக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கீழே இருப்பவர்கள் குளிர்காலத்தில் நிலக்கரியும் எரிவாயுவும் அனுப்புவார்கள். யாரும் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. எல்லாம் ஒரே வீட்டு வரவுசெலவு.

"1991-ல் வீடு பாகம் பிரிந்தது, பாலம்," என்றார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைபோலவேதான். கீழே இருந்தவர்கள் எரிவாயுவுக்கு டாலரில் விலை கேட்டார்கள். தண்ணீருக்கு விலை உண்டா என்று இவர்கள் கேட்டபோது, ஆறு கடவுள் கொடுத்தது என்று பதில் வந்தது. எரிவாயு வாங்கக் காசில்லாத கிர்கிஸ்தான், குளிர்காலத்திலேயே அணையைத் திறந்து மின்சாரம் எடுத்து அடுப்பும் ஹீட்டரும் எரித்தது. கோடைக்கு வைத்திருக்க வேண்டிய தண்ணீர் ஜனவரியிலேயே உஸ்பெக் சமவெளியில் வெள்ளமாகப் போனது. 2007-08 குளிர் மிகக் கடுமை. அளவுக்கு மீறித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், அணை வற்றியது. அதன் பலன்தான் அந்த அக்டோபரின் முறைவைத்த மின்வெட்டு. "மேலிடத்தில் ரகசியமாக வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள்" என்று கீழ்வீட்டுக்காரர் சொல்வார். மார்ஷ்ருத்கா என்ற ஷேர் வேனின் டிரைவரும் அதையேதான் சொல்வார்.

கரண்டு போனாலும் எங்களை வாழவைத்தது "பத்தரேயா". ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராக இருக்கும் இரும்பு வெந்நீர்க் குழாய் வரிசை. நகரத்தின் கிழக்கே "தேத்ஸ்" என்ற அனல்மின் நிலையம் 1961-லிருந்து நிலக்கரியை எரிக்கிறது. அதன் வெந்நீர் கிலோமீட்டர் கணக்கில் குழாய்களில் ஓடி, லட்சக்கணக்கானவர்கள் வீட்டுக்குள் நுழைகிறது. எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. வெளியே சராசரிக் குளிர் எட்டு டிகிரிக்குக் கீழே தொடர்ந்து சில நாள் இருந்தால் திறப்பார்கள். பெரும்பாலும் நவம்பர் தொடக்கம். எவ்வளவு சூடு என்பதும் உங்கள் கையில் இல்லை. திருகிக் குறைக்க வழியே கிடையாது. வெளியே மைனஸ் பதினைந்தாக இருக்கும், உள்ளே வியர்த்துக் கொட்டும். ஜன்னலின் மேல்மூலையில் இருக்கும் குட்டிக் கதவு "ஃபோர்தொச்கா"வைத் திறந்துவிட்டு பனியனோடு உட்கார்ந்து அனாட்டமி படித்தோம். சோவியத் அரசு என்றால் என்ன என்று பாடப்புத்தகம் எதுவும் எனக்கு இந்த அளவுக்குச் சொல்லவில்லை. மாஸ்கோவில் கொடி இறங்கிப் பதினேழு வருஷம் ஆகியும் அந்த அரசு என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சூடாக இருந்தது.

அபா சோவியத் காலத்தில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்தவர். 1991 ஆகஸ்ட் 31-ல் விடுதலை. அடுத்த சில மாதங்களில் தொழிற்சாலைக்கு ஆர்டர் இல்லை, சம்பளம் இல்லை. வங்கியில் இருந்த ரூபிள் சேமிப்பு விலைவாசியில் கரைந்தது. 1993 மே 10-ல் மத்திய ஆசியாவிலேயே முதலாவதாகச் சொந்தப் பணம் அடித்தார்கள்: 200 ரூபிளுக்கு ஒரு சோம். "வாஷிங் மெஷினுக்குச் சேர்த்து வைத்தது, கடைசியில் இரண்டு கிலோ சர்க்கரைக்குக்கூட ஆகவில்லை" என்று அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பிறகு அவர் "செல்நோக்" ஆனார். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவுக்கு ரஷ்ய மொழியில் அந்தப் பேர். சீனாவின் உரும்சிக்குப் பேருந்தில் போய்க் கோடு போட்ட பைகளில் துணி வாங்கி வந்து தோர்தோய் பஜாரில் விற்பது. அந்த பஜாரை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். கப்பல் கன்டெய்னர்களை இரண்டிரண்டாக அடுக்கி, கீழே கடை, மேலே சரக்கறை. அப்படியே ஆயிரக்கணக்கில், தெருத்தெருவாக. கடலே இல்லாத நாட்டில் இத்தனை கப்பல் பெட்டிகள். 1998-ல் முன்னாள் சோவியத் நாடுகளில் முதலாவதாக உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்துவிட்டதால் இறக்குமதி வரி குறைவு. சீனச் சரக்கு மலிவாக உள்ளே வந்து, கஸகஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் போகும். என் முதல் குளிர்காலத்துக் கோட்டு அங்கே வாங்கியது. அபா பேரம் பேசிய விதத்தைப் பார்த்து, இவர் எப்படி அமைதியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது ஒரு எண்ணுக்கு வருகிறேன்: 70 தீயின். சோமில் நூறில் ஒரு பங்கு தீயின். ஒரு யூனிட் மின்சாரம் 70 தீயினுக்குத்தான் விற்றது. 2010 ஜனவரி 1-ல் அது ஒரு சோம் 50 தீயின் ஆனது. சுடுநீர் கட்டணமும் ஏறியது. அபா அந்த மாத பில்லை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். கட்டுவதற்காக அல்ல, போகும்போதும் வரும்போதும் திட்டுவதற்கு.

அப்போது அதிபர் குர்மான்பெக் பாகியெவ். முதல் அதிபர் அஸ்கார் அகாயெவ் இயற்பியல் விஞ்ஞானி. 2005 மார்ச் 24-ல் கூட்டம் வெள்ளை மாளிகைக்குள் புகுந்ததும் ஓடிப்போனவர். (பிஷ்கேக்கிலும் ஒரு வெள்ளை மாளிகை உண்டு.) அவர் குடும்பம் நாட்டைச் சுருட்டியது என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர்தான் பாகியெவ். வந்து நான்கே வருஷத்தில் தன் மகன் மாக்சிமுக்கென்று வளர்ச்சி, முதலீட்டு முகமை ஒன்றை உருவாக்கிப் பொருளாதாரத்தையே கையில் கொடுத்தார். குளிர் கடுமையான நரீன் நகரத்தில்தான் முதலில் கட்டணத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 1-ல் ரஷ்யா எரிபொருள் சலுகையை நிறுத்தியது. 6-ம் தேதி தலாஸ் நகரத்தில் கலவரம். 7-ம் தேதி பிஷ்கேக்.

அன்று மத்தியானம் வகுப்பை விட்டு விரட்டினார்கள். பேருந்து இல்லை, நடந்தே வீடு வந்தோம். அபா எதுவும் பேசாமல் குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டிருந்தார். மாவு, தேயிலை, தீப்பெட்டி எல்லாம் மேசைமேல் வரிசையாக இருந்தன. தூரத்தில் பட்டாசு போலச் சத்தம். பட்டாசு என்றேன். அவர் என்னை ஜன்னலிலிருந்து கையைப் பிடித்து இழுத்தார். வெள்ளை மாளிகை முன்னால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 90 பேர் செத்தார்கள். இரவு முழுக்கக் கடைகள் சூறை. மறுநாள் கடைகளின் ஷட்டரில் எல்லாம் பெயிண்டால் எழுதியிருந்தது: "நாங்கள் மக்களோடு". கொள்ளையடிக்காதீர்கள் என்பதற்கு அன்றைய மொழி அது. எங்கள் படிக்கட்டுக்காரர்கள் கையில் துணிப்பட்டி கட்டிக்கொண்டு முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஸ்வேதா இல்லை என்று தினமும் கத்துகிற கீழ்வீட்டுக்காரர் ஒரு ஹாக்கி மட்டையோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பாகியெவ் பெலாருஸுக்குப் போய்ச் சேர்ந்தார். ரோஸா ஒதுன்பாயெவா இடைக்கால அதிபரானார். அந்த அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று, யூனிட்டைப் பழையபடி 70 தீயினுக்குக் கொண்டுவந்தது. அபா ஃபிரிட்ஜ் பில்லைக் கிழித்துப் போட்டார். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான். அது எவ்வளவு விலையுள்ள சந்தோஷம் என்பது பிறகு தெரிந்தது.

ஜூனில் தெற்கே ஓஷ் நகரம் எரிந்தது. கிர்கிஸ், உஸ்பெக் மக்களுக்கிடையே மோதல்; நானூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் உஸ்பெக்குகள். ஓஷிலும் ஜலாலாபாத்திலும் படித்த நம் மாணவர்களை விமானத்தில் பிஷ்கேக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவன் எங்கள் அறையில் பதினைந்து நாள் தங்கினான். அவன் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அபா அவனுக்கு மட்டும் தட்டில் இரண்டாவது முறை பிலாவ் வைப்பார்.

அந்த வருஷக் கடைசியில் அபா எங்களை அதா-பெயித்துக்கு அழைத்துப் போனார். "தந்தையரின் கல்லறை". ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில், சோங்-தாஷ் கிராமம். 1938-ல் ஸ்தாலின் ஆட்களால் சுடப்பட்ட 137 பேரை அங்கே ஒரு பழைய செங்கல் சூளைக்குள் போட்டு மூடியிருந்தார்கள்: அமைச்சர்கள், ஆசிரியர்கள், மொழியறிஞர்கள். அந்த இடத்தின் காவலாளி ரகசியத்தைச் சாகும் தருவாயில் தன் மகளிடம் மட்டும் சொன்னார். மகள் சோவியத் ஆட்சி ஆட்டம் காணும்வரை வாயைத் திறக்கவில்லை. 1991-ல் தோண்டினார்கள். தமிழில் நம் அப்பாக்கள் தலைமுறை வாசித்த எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் தந்தையும் அந்தக் குழியில் கிடைத்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்பா எங்கே என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார் மகன். 2008-ல் அவரையும் அங்கேயே புதைத்தார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, 2010 ஏப்ரலில் செத்தவர்களின் புதிய கல்லறைகள். பிறந்த வருஷங்களைப் பார்த்தேன். நிறையப் பேர் என் வயது. அபா உள்ளங்கைகளை முகத்துக்குமுன் ஏந்தி துவா செய்தார். திரும்பும்போது, "எழுபது தீயின்" என்று மட்டும் சொன்னார். அது கணக்கா, கோபமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த எண்ணுக்குப் பயந்தே அதற்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் ஆண்டார்கள் என்பது என் முடிவு. பத்து வருஷத்துக்கும் மேல் சாதாரண வீட்டுக் கட்டணம் 70-லிருந்து 77 தீயினுக்கு மட்டுமே நகர்ந்தது. உற்பத்திச் செலவுகூடக் கட்டுப்படியாகாது. குழாய்கள் துருப்பிடித்தன, கொதிகலன்கள் வயதாயின. கட்டணத்தைத் தொட்டால் நாற்காலி போய்விடும். எனவே கடன் வாங்கினார்கள். தேத்ஸைப் புதுப்பிக்கச் சீனாவிடம் 38.6 கோடி டாலர். 2017-ல் திறப்பு விழா. 2018 ஜனவரி கடுங்குளிரில் நிலையம் செயலிழந்து நகரமே உறைந்தது. பிறகுதான் கொள்முதல் பட்டியல் வெளியே வந்தது: ஒரு கட்டிங் பிளேயர் 320 டாலர். இரண்டு முன்னாள் பிரதமர்களுக்கு ஊழல் வழக்கில் 2019-ல் சிறைத்தண்டனை விதித்தார்கள். அந்த 2018 குளிரின்போது நான் படிப்பை முடித்து ஊர் திரும்பி நாலு வருஷம். அபா போனில் பிளேயர் ஜோக்காகச் சொல்லித் தள்ளினார். பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது என்றும் சொன்னார்.

அவர் மகன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறார். 2015-ல் யூரேசியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் கிர்கிஸ்தான் சேர்ந்ததால் ரஷ்யாவில் தனி வேலை அனுமதி தேவையில்லை. ஆனால் அதே கூட்டமைப்பின் இறக்குமதி வரி தோர்தோயைப் படுக்கவைத்தது. அம்மாவின் கன்டெய்னரை மூடி மகனுக்கு வழிவிட்ட ஒப்பந்தம். அவரைப் போன்றவர்கள் அனுப்பும் பணம் பல ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கைத் தாண்டியிருக்கிறது. 2022-க்குப் பிறகு அவர் ரஷ்யப் பாஸ்போர்ட் வாங்கக் கூடாது என்பதில் அபா உறுதி. வாங்கினால் போருக்கு இழுப்பார்கள்.

2020 அக்டோபரில் மறுபடியும் வெள்ளை மாளிகை. தேர்தலில் வாக்குக்குக் காசு என்று ஆத்திரம். அதிபர் ஜீன்பெகோவ் பதவி விலகினார். அந்த இரவில் சிறையிலிருந்து கூட்டம் விடுவித்த சாதிர் ஜபாரோவ் இரண்டு வாரத்துக்குள் பொறுப்பு அதிபர்! கும்தோர் தங்கச் சுரங்கத்தை அரசுடைமையாக்கு என்று ஒரு காலத்தில் போராடியவர். 2021-ல் கனடா நிறுவனத்திடமிருந்து அதை எடுத்தும் காட்டினார். அரசமைப்பை மாற்றி அதிகாரத்தைத் தன்னிடம் குவித்துக்கொண்டார். 2022-ல் அணை நிலம் ஒன்றை உஸ்பெகிஸ்தானுக்குக் கொடுப்பதை எதிர்த்தவர்களை உள்ளே போட்டார். கொடியின் சூரியக் கதிர்கள் வளைந்து சூரியகாந்திப்பூ போல இருக்கின்றன, அது யார் பக்கமும் திரும்புகிற பூ என்று சொல்லி, கதிர்களையும் 2023 டிசம்பரில் நேராக்கிவிட்டார்கள்.

அதே 2023 மே மாதம்தான் யாரும் தொடத் துணியாத அந்தக் கட்டணத்தை ஒரு சோமாக உயர்த்தினார்கள். தெருவில் யாரும் இறங்கவில்லை. நவம்பரில் அபாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபோது, "ஒரு சோம் ஆக்கிட்டாங்களே, சதுக்கத்துக்குப் போகலையா?" என்று சீண்டினேன்.

"போனில் இதெல்லாம் பேசாதே, பாலம்."

பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. பாகியெவ் காலத்தில் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துத் திட்டியவர்.

பேச்சை மாற்ற, பத்தரேயா வந்துவிட்டதா என்று கேட்டேன். இரு என்றார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் ஓசை. பிறகு போனைக் கொண்டுபோய் இரும்பில் வைத்த "டங்". உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.